எழுத்துமூலம் பதில் தரப்படும்

இன்று காலை குப்பை வண்டி வந்தபோது உன் நினைவு வந்து தொலைத்தது. பாட்டுப் போட்டுக்கொண்டே தெருவுக்குள் வருமே, அந்தப் பேட்டரி வண்டிதான். பச்சை டப்பாவையும் நீல டப்பாவையும் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினேன். வண்டிக்கார அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, பச்சைல தேங்கா மட்டையெல்லாம் போட்டு வச்சிக்கீற?" என்று கேட்டாள். எனக்கு வாய் முந்திக்கொண்டது. "தோட்டக் குப்பைக்குப் பழுப்பு டப்பாம்மா. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான் எடுப்பாங்க" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்த ஊர்லம்மா கீற நீ?" என்றாள்.

மயிலாப்பூரில்தான் இருக்கிறேன். பிறந்ததிலிருந்து இதே தெருதான். ஆனால் நீயும் நானும் இன்னொரு ஊரிலும் சில வருடம் குடியிருந்தோமே, பழுப்பு டப்பா அந்த ஊர் விதி என்று அவளிடம் எப்படிச் சொல்வது? டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மேலே வந்து உட்கார்ந்தேன். சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் அப்போதே போன் போட்டு இந்தக் கூத்தைச் சொல்லியிருப்பேன். இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நந்தனத்தில் அண்ணா சாலையைப் பார்த்த அந்தக் கட்டடம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதன் மேல்மாடியில், ஏசி குளிருக்குத் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மதியத்திலிருந்து நாம் இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் ஒரு பரோ கவுன்சிலுக்குப் போன் எடுத்தோம். நம் ஊரில் மாநகராட்சி பார்க்கிற வேலையை அங்கே அந்தக் கவுன்சில் பார்க்கும். கூடவே முதியோர் கவனிப்பு, நூலகம் என்று இன்னும் எத்தனையோ அதன் தலையில். குப்பை எடுக்கவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, வீட்டு வரியில் சந்தேகம் என்று அந்த ஊர்க்காரர் தன் டவுன் ஹாலுக்குப் போன் போடுவார். மணி நம் காதில் அடிக்கும். அது அவருக்குத் தெரியாது. "கவுன்சில் தொடர்பு மையத்திலிருந்து பேசுகிறேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று நமக்குக் கண்டிப்பான உத்தரவு.

எனக்கு அதுவே போதுமாக இருந்தது. ஸ்கிரிப்டை மனப்பாடம் செய்தோமா, ஒப்பித்தோமா, கேப் பிடித்து வீட்டுக்குப் போனோமா என்று இருப்பவள் நான். நீயோ பயிற்சி தொடங்கிய வாரத்திலேயே கையைத் தூக்கினாய். "சார், அந்த ஊர யாரு ஆள்றாங்க?" பயிற்சி கொடுத்தவர் திருதிருவென்று விழித்துவிட்டு, "மேயர்தான், வேற யாரு" என்றார். நான் உன் முழங்கையில் கிள்ளினேன். மறுநாள் மதியம் நீ கேன்டீனில் டிபன் பாக்ஸைக்கூடத் திறக்காமல் ஆரம்பித்தாய்.

"ஏ பேகம், இத்தக் கேளு." நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்போதெல்லாம் உனக்கு நான் பேகம். "மேயருன்னு ஒருத்தரு கீறாரு. கய்த்துல இம்மாம் பெரிய தங்கச் சங்கிலி. ஒரு வருசம் ரிப்பன் வெட்டுவாரு, கூட்டத்துல நடு சேர்ல குந்துவாரு, அவ்ளோதான். முடிவு எடுக்கறதெல்லாம் லீடருன்னு வேற ஒருத்தரு. அவரு கய்த்துல ஒண்ணுமே கெடையாது."

"அப்ப சங்கிலி போட்டவரு சும்மாவா?"

"எங்க ஊட்ல நைனா மாறி. ரேஷன் கார்டுல பேரு அவுருது. ராஜ்ஜியம் எங்கம்மாது."

உன் அம்மாவின் ராஜ்ஜியத்தை நான் பார்த்திருக்கிறேன். நொச்சிக்குப்பத்தில் சாலையோரம் குடைக்குக் கீழே பலகை போட்டு, வஞ்சிரத்தையும் சங்கராவையும் பரப்பி வைத்துக்கொண்டு, பேரம் பேச வருகிறவர்களை ஒரே பார்வையில் அடக்கி உட்கார வைப்பாள். அந்தப் பலகையின் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துதான் நீ அந்தக் கவுன்சிலின் இணையதளம் முழுவதையும் படித்தாய். வேலையில்லாத வேலை என்று நான் திட்டினேன். நீ கேட்டால்தானே.

வார்டுக்கு மூன்று கவுன்சிலர்கள், மூவரையும் ஒரே தேர்தலில் தேர்ந்தெடுக்க மாட்டார்கள், வருடத்துக்கு ஒருவர்தான், நான்காவது வருடம் மட்டும் தேர்தல் கிடையாது என்று நீ சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது. "வருசா வருசம் ஓட்டா? யாருக்குடி பொறுமை?" என்றேன். "யாராவது ஒருத்தன் எப்பவும் பயத்துலயே கீறான் பாரு" என்றாய் நீ, நெத்திலியை முள்ளோடு மென்றுகொண்டே.

அந்தப் பரோவே அப்படியொன்றும் பழைய ஊர் இல்லை என்பதையும் நீதான் கண்டுபிடித்தாய். பக்கத்துப் பக்கத்தில் இருந்த மில் ஊர்களையெல்லாம் எழுபதுகளில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுச் சேர்த்துக் கட்டி, ஒரு பெயரையும் ஒட்டிவிட்டது. அதற்கு மேலே இன்னொரு பெரிய கவுன்சிலையும் உட்கார வைத்து, எண்பதுகளில் அதைக் கலைத்தும் போட்டது. சேர்த்து வைத்து அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. இன்னும் அந்த மக்கள் பரோவின் பெயரைத் தங்கள் ஊர்ப் பெயராகச் சொல்வதில்லை. நான் திரையில் இருப்பதைப் படித்து அவர்களைத் திருத்துவேன். அவர்கள் என் மேல் எரிந்து விழுவார்கள். நான் மியூட் பட்டனை அழுத்திக்கொண்டு அவர்களை விடச் சத்தமாகக் கத்துவேன்.

"எங்கம்மாவாண்ட வந்து நொச்சிக்குப்பத்தப் பட்டினப்பாக்கம்னு சொல்லிப் பாரு. மீன் வெட்ற கத்தி பறந்து வரும்" என்று நீ சொன்ன பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது. அன்றிலிருந்து முதலில் "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்க ஆரம்பித்தேன். பாதிச் சண்டை அதிலேயே அடங்கிப் போனது.

தேர்தல் நெருங்கியதும் ஒரு மின்னஞ்சல் வரும், நினைவிருக்கிறதா? இன்று முதல் 'பர்தா' காலம், வாக்களித்து முடியும்வரை கவுன்சில் புதிதாக எந்த அறிவிப்பும் செய்யாது, நீங்களும் வாய் திறக்காதீர்கள் என்று. எங்கள் வீட்டு வார்த்தை அங்கே எப்படிப் போய் உட்கார்ந்தது என்று எனக்கு ஒரே ஆச்சரியம். வீட்டுக்குப் போய் என் அம்மாவிடம், எங்கள் அம்மியிடம், சொன்னேன். அம்மி அரிசி களைந்துகொண்டே, "அங்கயாவது ஆம்பளைங்க போட்டுக்கட்டும்" என்றார். அதை நீ ஒரு மாதம் ஃப்ளோர் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

இப்போது அந்தக் கிழவிக்கு வருகிறேன். நூலகத்து வாசலில் பஸ்ஸுக்காக உட்காருகிற பெஞ்சை யாரோ பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், முட்டி வலிக்காரி நான் எங்கே உட்காருவது என்று வாரா வாரம் போன் செய்வாளே, அவள். அந்த ஊரில் கடைக்காரர் முதல் பஸ் ஓட்டுநர் வரை எல்லாரும் எல்லாரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் உன்னை அப்படித்தான் கூப்பிட்டாள். ஒருநாள், "நீ எங்கேயிருந்து பேசுகிறாய், லவ்?" என்று கேட்டுவிட்டாள். நீ ஒரு கணம் என்னைப் பார்த்தாய். பிறகு நிதானமாக, "சென்னை, இந்தியா. கடலுக்குப் பக்கத்து வீடு" என்றாய். எனக்கு உயிரே போய்விட்டது. அழைப்பெல்லாம் பதிவாகிறது, பாவி! மேசைக்கடியில் உன் காலை உதைத்தேன். அந்தப் பக்கம் அவளோ, "அங்கே நல்ல வெயிலா?" என்று மட்டும் கேட்டாள்.

பெஞ்சுக்கு வழி பிறக்கவில்லை. கவுன்சிலிடமே நேரில் கேட்க முடியுமா என்று அவள் கேட்டபோது உன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்தக் கவுன்சிலுக்கென்று தனியாக ஒரு அரசியலமைப்பு இருக்கிறது, அதில் பொதுமக்கள் கேள்வி என்று ஒரு பகுதி இருக்கிறது, அதை நீ எப்போதோ கரைத்துக் குடித்திருந்தாய். அந்த ஊரில் குடியிருக்கும் யார் வேண்டுமானாலும் முழுக் கவுன்சில் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கலாம். கேள்வியை முன்கூட்டியே எழுதி அனுப்பிவிட வேண்டும். லீடர் சபையில் பதில் சொல்வார். அதன் பிறகு, கேட்டவருக்கு இன்னொரு கேள்வி உண்டு. ஒன்றே ஒன்று. அது அவர் சொன்ன பதிலுக்குள்ளிருந்துதான் பிறக்க வேண்டும்.

உனக்கு அந்த இரண்டாவது கேள்வியின் மேல் பைத்தியம். "மொத கேள்விக்கு எயுதிக்கினு வந்து பட்சிடுவாங்க பேகம். ரெண்டாவதுக்குத்தான் அவரா வாயத் தொறந்தாவணும்" என்பாய். கிழவிக்கு அதைப் பொறுமையாக, ஸ்கிரிப்டில் எங்கேயுமே இல்லாத ஆங்கிலத்தில் விளக்கினாய். அவள் மறுபடியும் சொல்லச் சொன்னாள். மறுபடியும் சொன்னாய்.

அந்த மே மாதத் தேர்தலில் அவளுடைய வார்டு வேறு கட்சிக்குக் கை மாறியது. லீடரும் மாறினார். நாம் என்னவோ நம் வீட்டு ஆள் ஜெயித்த மாதிரி பேன்ட்ரியில் கைதட்டினோம். இனி பெஞ்சு வந்துவிடும் என்று நீ மைசூர்பாகு வாங்கி வந்தாய். அந்தக் கட்சி மக்களுக்கு என்ன வாக்குக் கொடுத்தது என்று நம்மில் ஒருவரும் படிக்கவில்லை. எல்லாவற்றையும் படித்த நீகூடப் படிக்கவில்லை, அது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கிழவி கேள்வி எழுதி அனுப்பியிருந்த கூட்டம் அவர்களுக்குப் பிற்பகல், நமக்குச் சாயங்கால டீ நேரம். போனைத் தண்ணீர் பாட்டில்மேல் சாய்த்து வைத்து நேரலை பார்த்தோம். டீம் லீடர்கூடக் கப்போடு வந்து நின்றார். சங்கிலி போட்ட மேயர் நடுவில், அவருக்கு முன்னால் மேசைமேல் படுக்க வைத்த செங்கோல் மாதிரி ஒன்று. பிறகு அவள் எழுந்தாள். சிவப்புக் கோட்டு, பிடித்து நடக்கிற வாக்கர், கையில் ஒரு காகிதம். "இவ்ளூண்டு பொம்பளையா!" என்று நீ வாயைப் பொத்திக்கொண்டாய். "பெஞ்சு வந்துருச்சு, எழுதி வச்சுக்கோ" என்றேன் நான்.

அவள் பெஞ்சைப் பற்றிக் கேட்கவே இல்லை. "என் டவுன் ஹாலுக்கு நான் போன் செய்தால் அது ஏன் வேறொரு நாட்டில் அடிக்கிறது?" என்று கேட்டாள்.

லீடர் எழுந்து தாளைப் பார்த்துப் படித்தார். மக்களுக்குக் கொடுத்த வாக்கின்படி, ஒப்பந்தம் முடிந்ததும் அழைப்புகள் இந்த ஊருக்கே திரும்பும், இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும். அங்கே மேசையைத் தட்டினார்கள். இங்கே நம் அத்தனை பேர் வேலையும் அந்தத் தட்டலில் போனது. ஊரைச் சொன்னதும் நீ, கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்ததும் நீ. எனக்கு உன்னைக் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது.

"துணைக் கேள்வி உண்டா?" என்றார் மேயர்.

"உண்டு" என்றாள் கிழவி. தாளை மடித்துப் பையில் வைத்தாள். "இப்படிக் கேள்வி கேட்கலாம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அங்கே போன் எடுக்கிற ஒரு பெண்தான். இங்கே யாரும் சொல்லவில்லை. அந்தப் பெண் என்ன ஆவாள்?"

லீடர் பக்கத்திலிருந்த அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி மேசையைப் பார்த்தார். "எழுத்துமூலம் பதில் தரப்படும்" என்றார் லீடர். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

எல்லாரும் உன்னைத் திரும்பிப் பார்த்தோம். டீம் லீடர் போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். "நான் எதுவும் கேக்கல. டீ ஆறிப்போச்சு, எல்லாரும் சீட்டுக்குப் போங்க" என்றார். நல்ல மனிதர், எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அன்று கேப்பில் உன்னோடு பேசவே கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். சாந்தோம் தாண்டும்வரைதான் முடிந்தது. "உனக்கு ஏண்டி இந்த வேலை? ஊரச் சொல்லாம இருந்தா செத்தா போயிடுவ?" என்று கத்தினேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார்.

"அவங்க ஊரு போன அவங்க எடுக்கப் போறாங்க. இதுல இன்னா தப்பு கீது?" என்றாய். "ஆனா என்னப் பத்தி ஒரு டவுன் ஹால்ல கேட்டாங்க பாத்தியா, பேகம். என் பொயப்புக்கு இன்னா ஆவும்னு எவனாவது கேட்டுக்கீறானா இதுவரைக்கும்?" அதற்கு மேல் எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை.

அந்த எழுத்துமூலப் பதில், கூட்டக் குறிப்போடு சேர்ந்து இணையத்தில் வந்தது. 'பணியாளர் தொடர்பான ஏற்பாடுகள் ஒப்பந்த நிறுவனத்தைச் சார்ந்தவை.' அவ்வளவுதான். நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். நீ அதைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, "கேட்டா பதிலு வருது பாரு" என்றாய். எனக்கு அது பதிலாகவே படவில்லை. இன்னும் படவில்லை.

ஒப்பந்தம் முடிந்தது. நான் தி. நகரில் ஓர் அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் எடுக்கும் புராசஸுக்குப் போனேன். நீ வரவில்லை. அம்மாவின் பலகைக்குப் பின்னால் அதே ஸ்டூலில் உட்கார்ந்து, அடையாறு ஃப்ளாட்காரர்களுக்குப் போனில் மீன் ஆர்டர் எடுத்தாய். "இறால் இப்பத்தான் வந்து எறங்கிச்சு மேடம், சுத்தம் பண்ணி அனுப்பட்டா?" என்று நீ பேசுவதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பாக வரும். உங்கள் பகுதியில் வார்டு கூட்டம் நடந்தபோது நான் துணைக்கு வந்தேன். மீன் கழுவுகிற இடத்தில் ஒரு குழாய் வேண்டும் என்று கேட்டாய். "பண்ணிடலாம்மா" என்றார் கவுன்சிலர். எல்லாரும் எழுந்து போகப் பார்த்தார்கள். நீ மட்டும் நின்றுகொண்டே, "பண்ணிடலாம்னா, எந்த மாசம்ணா?" என்றாய். அவரே சிரித்துவிட்டு ஒரு மாதத்தைச் சொன்னார். அந்த மாதம் குழாய் வந்தது. உன் அம்மா அதன் தலைக்குப் பூ வைத்தாள்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் நீ நோயில் படுத்தாய். ஆஸ்பத்திரியில் அதையெல்லாம் நாம் பேசிக்கொள்ளவில்லை, இங்கேயும் எழுத மாட்டேன். "அந்தக் கெய்விக்கு பெஞ்சு வந்துச்சோ இன்னாவோ" என்று ஒருநாள் கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. பிறகு நீ போய்விட்டாய். எனக்கு உன்மேல் கோபம் இன்னும் போகவில்லை, சொல்லிவிட்டேன்.

இன்று குப்பை வண்டி போனதிலிருந்து அவள் கேள்வி என்னை விடவில்லை. அந்தப் பெண் என்ன ஆவாள்? அந்த ஊரில் அதற்கு ஒரு பதில் பதிவாகியிருக்கிறது, அது சரியான பதில் இல்லை. சரியான பதில் தெரிந்தவள் நான் ஒருத்தி. மதியம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, மனப்பாடமாகக் கிடந்த அந்த எண்ணுக்குப் போன் போட்டேன்.

ஒரு சின்னப் பெண் எடுத்தாள். நம்மைத் திட்டியவர்களின் அதே உச்சரிப்பு. எதைப் பற்றிய அழைப்பு என்று கேட்டாள். "'மற்றவை' என்று போட்டுக்கொள்" என்றேன். எங்கள் திரையில் இருக்கிற பட்டியல் உங்களுக்கு எப்படித் தெரியும் என்றாள். உன் இடத்தில் முன்பு நாங்கள் இருந்தோம், சென்னையில், என்றேன். "எங்க அம்மா உங்களையெல்லாம் கண்டபடி திட்டியிருக்காங்க. மன்னிச்சிடுங்க" என்றாள். பரவாயில்லை, நானும் மியூட்டில் திட்டியிருக்கிறேன் என்றேன்.

கிழவியைப் பற்றிக் கேட்டேன்; எதுவும் சொல்ல முடியாது, அது விதி என்றாள். எனக்குத் தெரியாத விதியா? ஆனால் கேள்வி கேட்டவர் யார் என்பது கூட்டம் நடத்துகிற பிரிவில் இருக்கும், செய்தி சொன்னால் அங்கே அனுப்புகிறேன் என்றாள். நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தாள். நீங்கள் சபையில் கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பதில் இது. அந்தப் பெண் கடற்கரைக்குத் திரும்பிப் போனாள். அம்மாவோடு மீன் விற்றாள். தன் தெருவுக்கு ஒரு குழாய் வாங்கிக் கொடுத்தாள். உங்கள் பெஞ்சு வந்ததா என்று விசாரித்தாள். அவள் இறந்துவிட்டாள். கடைசி வாக்கியத்தை நான் இதுவரை எந்த மொழியிலும் சொன்னதில்லை. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் சொல்ல வேண்டியே வரவில்லை. தட்டச்சுச் சத்தம் நின்றது.

"அவங்க பேரு?" என்று கேட்டாள்.

அங்கே நமக்கெல்லாம் அவர்கள் வாயில் நுழைகிற மாதிரி ஏதோ ஒரு பெயர் வைத்திருந்தார்களே, அதைத்தான் முதலில் சொன்னேன். பிறகு, அது இல்லை, அவள் நிஜப் பெயர் இது என்று சொன்னேன். எழுத்து எழுத்தாகக் கேட்டுப் போட்டுக்கொண்டாள். சொல்லிப் பார்த்தாள், வரவில்லை. "இன்னொரு தடவை சொல்றீங்களா? எனக்குச் சரியாச் சொல்லணும்" என்றாள். நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

இந்த முறை சரியாகச் சொன்னாள்.